ஜியெத்ரோ பனியணை உடைப்பு, 1818: ஒரு வெள்ளமும் பனியூழிக் கொள்கையின் பிறப்பும்

1818-ஆம் ஆண்டு ஜூன் 16 அன்று மாலை நான்கரை மணியளவில், சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்தில், பாஞ் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் ட்ரான்ஸ் ஆற்றை மறித்து நின்ற பனிக்கட்டி அணை உடைந்தது. அதன் பின்னால் தேங்கியிருந்த ஏறத்தாழ 2 கோடி கன மீட்டர் நீர் சுமார் அரை மணி நேரத்தில் வெளியேறி, வீடுகளையும் தானியக் களஞ்சியங்களையும் பாலங்களையும் மரங்களையும் அள்ளிக்கொண்டு, ஒன்றரை மணி நேரத்தில் மார்த்தினி நகரத்தை அடைந்து, இரவுக்குள் ஜெனீவா ஏரியில் கலந்தது. உயிரிழந்தோர் சுமார் 40 பேர். ஆல்ப்ஸ் மலைப் பேரிடர்களின் வரலாற்றில் இது பெரிய எண்ணிக்கை அன்று. அணைக்குக் காரணமான ஜியெத்ரோ பனியாறு, அதாவது மலைச்சரிவில் மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டித் திரள், 1595-இலும் இதே ஆற்றை மறித்து, இதைவிடக் கூடுதலான உயிர்களைப் பலிகொண்டிருக்கிறது. ஆயினும் மலைகளின் மண்ணியலை அறிவியல் எவ்வாறு புரிந்துகொள்ளத் தொடங்கியது என்பதை ஆராய்வோர் 1818-ஆம் ஆண்டின் உடைப்புக்குத் திரும்பத் திரும்ப வருகிறார்கள். அந்த உடைப்பைத் தடுக்க அனுப்பப்பட்ட பொறியாளரும், அதே பள்ளத்தாக்கில் வாழ்ந்த ஒரு வேட்டைக்காரரும், பக்கத்துப் பள்ளத்தாக்கில் உப்புச் சுரங்கம் நடத்திய ஒரு நிர்வாகியும் சேர்ந்துதான், ஐரோப்பாவின் பெரும்பகுதி ஒரு காலத்தில் பனிக்கட்டியின் கீழ் கிடந்தது என்ற பனியூழிக் கொள்கைக்கு இட்டுச்சென்ற வழியைத் திறந்தார்கள்.

இந்த ஆய்வு அந்த வழியின் முதல் இருபது ஆண்டுகளைப் பற்றியது. வெள்ளம் எதைச் செய்தது என்பதைக் காட்டிலும் எதைச் செய்ய இயலவில்லை என்பதே இதில் முக்கியமான சான்று என்பது என் கருத்து. அதை முன்வைத்தே நிகழ்வுகளை வரிசைப்படுத்துகிறேன்.

அணை உருவான விதம்

1815 ஏப்ரலில் இன்றைய இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அது வளிமண்டலத்தின் மேலடுக்கில் பரப்பிய கந்தகத் துகள்கள் சூரிய ஒளியைத் தடுத்ததால், 1816-ஆம் ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாத ஆண்டாகக் கழிந்தது. ஏற்கெனவே குளிர்ந்திருந்த அந்தப் பத்தாண்டில் ஆல்ப்ஸ் பனியாறுகள் பல முன்னேறிக்கொண்டிருந்தன. ஜியெத்ரோ பனியாறும் அவற்றுள் ஒன்று. இதன் முனை பள்ளத்தாக்கின் தரையைத் தொடுவதில்லை. மொவுவாசேன் என்ற குறுகிய மலையிடுக்குக்கு நேர் மேலே, செங்குத்தான பாறை விளிம்பில் தொங்கியபடி நிற்கும் பனியாறு அது. முன்னேறும் காலத்தில் அதன் முனை துண்டு துண்டாக உடைந்து கீழே விழும்; விழுந்த பனிக்கட்டி கூம்பு வடிவில் குவியும்; கோடையில் அது கரைந்து ஆற்றோடு போய்விடும். அடுத்தடுத்து வந்த குளிர்ந்த கோடைகளில் அது கரையவில்லை. குவியல் வளர்ந்து, நீர் ஊறி, இறுகி உறைந்து, எதிர்க்கரைப் பாறை வரை எட்டி, ஆற்றை முழுவதுமாக அடைத்துவிட்டது.

1818 வசந்தத்தில் கீழ்ப் பள்ளத்தாக்கில் இருந்தவர்கள் ஆற்றில் நீர் குறைந்திருப்பதைக் கண்டு ஐயுற்று மேலே சென்று பார்த்தபோது, கூம்புக்குப் பின்னால் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக நீளத்தில் ஓர் ஏரி நிறைந்துகொண்டிருந்தது. அணையருகே அதன் ஆழம் பின்னர் சுமார் 60 மீட்டரை எட்டியது. பனி உருகும் பருவம் தொடங்கிவிட்டதால் நீர்மட்டம் நாள்தோறும் உயர்ந்தது. மாநில அரசு தன் பொறியாளரான இக்னாஸ் வெனெட்ஸை அனுப்பியது.

வெனெட்ஸின் சுரங்கம்

வெனெட்ஸுக்கு அப்போது வயது முப்பது. வலே மாநிலத்தின் மலைக்கிராமமான விஸ்பர்டெர்மினெனில் பிறந்தவர். அவர் முன் இருந்த கணக்கு எளியது, ஆனால் கொடியது. நீர் அணையின் உச்சியைத் தாண்டி வழியத் தொடங்கினால் அணை ஒரே வீச்சில் அறுபடும். அதற்கு முன்பே நீரைச் சிறிது சிறிதாக வெளியேற்ற வேண்டும். பனிக்கட்டியின் குறுக்கே ஒரு சுரங்கம் தோண்டுவது என்று அவர் முடிவு செய்தார். வேலை முடியும் நாளில் ஏரி எந்த மட்டத்தில் இருக்கும் என்பதை முன்கூட்டியே கணித்து, அதற்குச் சற்று மேலே சுரங்கத்தைத் தொடங்க வேண்டும். மிகவும் கீழே தொடங்கினால் தொழிலாளர்கள் மூழ்குவார்கள். மிகவும் மேலே தொடங்கினால் ஏரி தேவையற்ற அளவுக்கு நிறைந்துவிடும்.

மே மாதத்தில் இரு பக்கங்களிலிருந்தும் தோண்டத் தொடங்கினார்கள். தலைக்கு மேலே தொங்கிய பனியாற்றிலிருந்து கட்டிகள் விழுந்துகொண்டே இருந்த இடத்தில், ஈர உடையோடு, கோடாரியால் பனிக்கட்டியை வெட்டிய அந்தத் தொழிலாளர்களின் பெயர்கள் இந்த வரலாற்றில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. சுமார் 200 மீட்டர் நீளச் சுரங்கம் ஜூன் முற்பகுதியில் திறக்கப்பட்டது. ஜூன் 13 இரவு ஏரி நீர் அதன் வழியே ஓடத் தொடங்கியது. ஓடும் நீரே சுரங்கத்தின் தரையை அரித்துத் தாழ்த்தியதால், வடியும் வேகம் தானாகவே கூடியது. அடுத்த மூன்று நாள்களில் ஏரியின் மட்டம் பத்து மீட்டருக்கும் மேலாகத் தாழ்ந்தது. திட்டம் வெற்றி பெற்றுவிட்டதாகவே தோன்றியது.

தோல்விக்குக் காரணம் சுரங்கத்தின் மறுமுனையில் இருந்தது. அங்கிருந்து அருவியாக விழுந்த நீர் அணையின் கீழ்ப்பக்கச் சரிவை அரித்து, கட்டியாக உடைத்து, சுரங்கத்தையே பின்னோக்கிக் குறுக்கிக்கொண்டு வந்தது. அதே நேரத்தில், பனிக்கட்டியும் எதிர்க்கரைப் பாறையும் சந்தித்த இடத்தில் கிடந்த கற்குவியலுக்குள் நீர் புகுந்து, அணையின் பிடிமானத்தைக் கரைத்தது. 16-ஆம் தேதி மாலை அந்த ஓரமே முதலில் திறந்துகொண்டது. மீதமிருந்த நீர் முழுவதும் அவ்வழியே பாய்ந்தது.

இருப்பினும் வெனெட்ஸின் வேலையை வீண் என்று கூறுவது நியாயமாகாது. ஏரி நிறைந்தபின் உடைந்திருந்தால் சுமார் 3 கோடி கன மீட்டர் நீர் ஒருங்கே இறங்கியிருக்கும். கீழே ஆபத்து அறிவிப்புக்கான ஏற்பாடுகளும் செய்யப்பட்டிருந்தன. 1595-ஆம் ஆண்டின் உயிரிழப்போடு ஒப்பிட்டால் இவ்விரண்டின் பயன் புலப்படும்.

வெள்ளம் விட்டுச்சென்ற தடம்

உடைப்பை நேரில் ஆராய்ந்து அறிக்கை எழுதியவர்களுள் முக்கியமானவர் லிந்த் ஆற்றுச் சீரமைப்பால் புகழ்பெற்றிருந்த ஹான்ஸ் கொன்ராட் எஷர். அவரும் பிறரும் பதிவு செய்த அளவுகள் பின்னாளில் மண்ணியல் நூல்களுக்குள் சென்றன. பிரிட்டிஷ் மண்ணியலாளர் சார்லஸ் லயல் தமது பெருநூலான ‘மண்ணியல் கோட்பாடுகள்’ என்பதில் இந்த வெள்ளத்தை விரிவாக எடுத்துக்கூறுகிறார். தொடக்கத்தில் வெள்ளத்தின் வேகம் நொடிக்கு 33 அடி. பள்ளத்தாக்கு விரிந்து சமவெளியை நெருங்கியபோது அது பெரிதும் தணிந்தது. வீடுகளோடு ஒப்பிடத்தக்க பெரும் பாறைகள், பழைய ஆற்றுப்படிவிலிருந்து பிடுங்கப்பட்டு உருட்டிச் செல்லப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்றின் சுற்றளவு அறுபது தப்படி. அது பயணம் செய்த தொலைவோ ஏறத்தாழ கால் மைல்.

இந்தக் கடைசி அளவை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில், குறுகிய மலையிடுக்கில், செங்குத்தான சரிவில் இறங்கிய நீர், ஒரு பெரும் பாறையை நானூறு மீட்டர் நகர்த்தியது. அதைவிடச் சிறியவற்றை மேலும் தொலைவுக்கும், மணலையும் சேற்றையும் மார்த்தினியின் தெருக்கள் வரைக்கும் கொண்டுசென்றது. முறத்தில் புடைத்ததைப்போல, வேகம் குறையக் குறைய, பெரியது முன்னும் சிறியது பின்னுமாக எல்லாவற்றையும் தரம் பிரித்து இறக்கிவைத்தது. இறக்கிவைத்த இடம் எல்லாம் பள்ளத்தாக்கின் அடித்தரையே.

பாறைகளைப் பற்றிய பழைய புதிர்

இந்தக் காட்சிக்குப் பின்னால் அரை நூற்றாண்டாகத் தீராத ஒரு வினா இருந்தது. ஆல்ப்ஸ் மலைக்கும் அதன் வடமேற்கே உள்ள ஜூரா மலைத்தொடருக்கும் இடையே அகன்ற தாழ்நிலம் கிடக்கிறது. ஜூரா முழுவதும் சுண்ணாம்புக்கல். ஆனால் அதன் சரிவுகளில் கருங்கல் பாறைகள் ஆயிரக்கணக்கில் சிதறிக் கிடந்தன. நூஷாத்தெல் நகருக்கு மேலே, ஏரி மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் காட்டுக்குள் கிடக்கும் ‘பியேர் ஆ போ’ என்ற பெரும் பாறை, ஆல்ப்ஸின் மோன் பிளான் மலைத்திரளிலிருந்து வந்தது என்பதை அதன் கல்லின் தன்மையே காட்டியது. இடையே உள்ள தொலைவு நூறு கிலோமீட்டருக்கும் அதிகம். இடையில், 310 மீட்டர் ஆழம் வரை செல்லும் ஜெனீவா ஏரியும் இருந்தது.

மலையை முறையாக ஆராயத் தொடங்கிய முதல் தலைமுறையின் தலைமகன் ஜெனீவாவின் ஒராஸ் பெனெதிக்ட் தெ சொசூர். 1787-இல் மோன் பிளான் சிகரத்தில் ஏறி நின்று காற்றழுத்தத்தையும் கொதிநிலையையும் அளந்தவர். 1779 முதல் 1796 வரை நான்கு தொகுதிகளாக ஆல்ப்ஸ் பயணங்களை எழுதியவர். பனியாறுகள் சுமந்துவந்த கல்லும் மண்ணும் அவற்றின் ஓரங்களில் குவிந்து உண்டாகும் மொரேன் மேடுகளை அவர் நன்றாக அறிந்திருந்தார். அப்படிப்பட்டவரே, தாழ்நிலத்துப் பாறைகளுக்கு வேறு காரணம் தேடினார்: பழங்காலத்தில் பெருநீர் ஒன்று மலைகளிலிருந்து பாய்ந்து அவற்றை அடித்துக்கொண்டு வந்தது என்றார். அவருக்குப் பின் வந்த ஜெர்மன் மண்ணியலாளர் லியோபோல்ட் ஃபொன் புக், ஜூராவில் பாறைகள் மிக உயரமாகக் கிடப்பது வலே வழியே ஓடும் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வாய்க்கு நேர் எதிரே என்றும், அங்கிருந்து இரு பக்கமும் விலகச் செல்ல அந்த உயரம் குறைகிறது என்றும் கண்டார். வலேயிலிருந்து பீறிட்ட நீர் நேராக எதிர்மலையில் மோதியதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்பது அவர் வாதம். கவனிப்பு துல்லியமானது, விளக்கம்தான் தவறானது.

இவர்களை எள்ளி நகையாடுவது இன்று எளிது. ஆனால் பனியாறு என்ற விடையை அவர்கள் கருதாமல் விட்டதற்கு வலுவான காரணம் உண்டு. உருகிய நெருப்புக் கோளமாகத் தோன்றிய பூமி படிப்படியாகக் குளிர்ந்து வருகிறது என்பதே அன்றைய அறிவியலின் பொதுக் கருத்து. வடக்கு நாடுகளின் பாறைகளில் கிடைத்த வெப்பமண்டலத் தாவரங்களின் புதைபடிவங்கள் அதை உறுதிசெய்தன. பழங்காலம் இன்றைவிட வெப்பமானது என்றால், இன்று இல்லாத பெரும் பனியாறு அன்று எப்படி இருந்திருக்கும்? எடின்பரோவின் ஜான் பிளேஃபேர் பாறைகளைச் சுமக்கும் ஆற்றல் பனியாறுகளுக்கே உண்டு என்று 1802-இலேயே எழுதியும், அது செவிடன் காதில் ஊதிய சங்காகவே போனது. இந்த நிலையில் 1818-ஆம் ஆண்டின் வெள்ளம், பெருநீர்க் கொள்கையினருக்குக் கிடைத்த நற்சான்றாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஒரு சிற்றேரி உடைந்தே வீட்டளவு பாறை உருளுமானால், ஒரு கடல் உடைந்தால் என்ன ஆகாது?

வேட்டைக்காரரின் சான்று

பாஞ் பள்ளத்தாக்கின் லூர்தியே ஊரில் ழான்-பியேர் பெரோதேன் என்பவர் வாழ்ந்தார். 1767-இல் பிறந்தவர், ஷாமுவா என்னும் மலையாடுகளை வேட்டையாடுபவர். 1815-இல் பனியாறுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், பெக்ஸ் உப்புச் சுரங்கங்களின் இயக்குநரான ழான் தெ ஷார்பாந்தியே அவருடைய குடிலில் ஓர் இரவு தங்கினார். பேச்சு பனியாறுகளைப் பற்றித் திரும்பியபோது, அவை முற்காலத்தில் மார்த்தினி வரைக்கும் நீண்டிருந்தன என்று பெரோதேன் கூறினார். அங்கே கிடக்கும் பெரும் பாறைகளை நீர் சுமந்து வந்திருக்க முடியாது என்பது அவர் காட்டிய காரணம். அந்தக் கருத்து ஆராயவே தகுதியற்ற அளவுக்கு விபரீதமானதாகத் தமக்குத் தோன்றியது என்று ஷார்பாந்தியே பின்னாளில் தாமே எழுதினார். ஃப்ரைபெர்க்கில் பிறந்து, சுரங்கவியலில் பயிற்சி பெற்ற ஒருவருக்கு அப்படித் தோன்றியது இயல்பு.

பெரோதேன் 1818-இல் எழுதிவைத்த குறிப்பு ஒன்றும் உண்டு. பள்ளத்தாக்கின் கடும் பாறைகளில் எளிதில் அழியாத கீறல்கள் பள்ளத்தாக்கின் திசையிலேயே செல்வதை அவர் கண்டிருந்தார். இன்றைய பனியாறுகளின் அடியில் அதே கீறல்கள் உருவாவதைப் பார்த்தபின், பழைய கீறல்களும் அதே பெருஞ்சுமையின் அழுத்தத்தால் ஏற்பட்டவையே என்று தெளிந்தார். கீழே ஷாம்செக் வரை அத்தடங்கள் தொடர்வதால், ஒரு காலத்தில் பள்ளத்தாக்கு முழுவதையும் பனியாறு நிரப்பியிருந்தது என்பது அவர் முடிவு. இதில் கவனிக்க வேண்டியது வாதத்தின் அமைப்பு. இன்று கண்முன் நிகழும் ஒன்றைப் பார்த்து, அதே தடம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் அதே காரணத்தைக் கருதுவது. லயல் நூலாக எழுதிப் பரப்பிய முறை இதுவே. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மலைவாசி அதைக் கையாண்டிருக்கிறார்.

பெரோதேன் இதை வெனெட்ஸிடமும் கூறினார். வெனெட்ஸ் சிரிக்கவில்லை, உடனே ஏற்றுக்கொள்ளவும் இல்லை.

பொறியாளரின் கணக்கு

ஆல்ப்ஸின் தட்பவெப்பம் அண்மை ஆண்டுகளில் கடுமையாகி வருகிறதா என்ற வினாவை, சுவிஸ் இயற்கை ஆய்வாளர் சங்கம் பரிசுப் போட்டியாக அறிவித்திருந்தது. கோடையற்ற ஆண்டின் பஞ்சம் நினைவில் பசுமையாக இருந்த காலம் அது. வினா வெறும் ஏட்டு ஆர்வத்தால் எழவில்லை. வெனெட்ஸ் 1821-இல் எழுதிய விடை, இந்த வரலாற்றின் மிகச் சிறந்த ஆவணம் என்று நான் கருதுகிறேன். அவர் இரண்டு வகைச் சான்றுகளைத் திரட்டினார். ஒரு பக்கம், இன்றைய பனியாற்று முனைகளுக்கு வெகு கீழே, காடும் மேய்ச்சல் நிலமுமாக மாறிய இடங்களில் நிற்கும் பழைய மொரேன் மேடுகள். மறுபக்கம், முன்னோர் கால்நடையோடு கடந்த கணவாய்களை இன்று பனி மூடியிருப்பதைக் காட்டும் ஊர் ஆவணங்களும் வாய்வழிச் செய்திகளும். பனியாறுகள் ஒரு காலத்தில் மிகப் பெரியவையாகவும், மற்றொரு காலத்தில் இன்றைவிடச் சிறியவையாகவும் இருந்தன என்பது இதிலிருந்து பெறப்பட்டது. பூமி ஒரே திசையில் குளிர்ந்து வருகிறது என்ற கருத்தை நேரடியாக எதிர்க்காமலே, அதன் அடித்தளத்தில் அவர் கைவைத்துவிட்டார்.

அந்தக் கட்டுரை பரிசு பெற்றது. ஆனால் 1833-இல்தான் அச்சேறியது. இடைப்பட்ட காலத்தில் அவர் மொவுவாசேனுக்கே திரும்பத் திரும்பப் போனார். பனியாறு தொடர்ந்து கட்டிகளைக் கொட்டிக்கொண்டிருந்ததால், மற்றோர் அணை உருவாகும் அச்சம் நீங்கவில்லை. வெடிமருந்தால் பயனில்லை என்றபோது அவர் கண்ட வழி அழகானது. வெயிலில் சற்றே சூடேறிய ஓடைநீரை மரக்கால்வாய்களின் வழியே கொண்டுவந்து குவியலின் மேல் குறித்த கோட்டில் விழச் செய்தார். விழும் நீர் பனிக்கட்டியை ரம்பத்தைக் காட்டிலும் நன்றாக அறுத்தது; அறுபட்ட துண்டுகளை ஆறு கொண்டுபோயிற்று. 1820-களில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் இந்த வேலை நடந்தது. பனிக்கட்டி எவ்வாறு நகரும், எவ்வாறு சுமக்கும், எவ்வாறு உருகும் என்பதை இத்தனை காலம் கையால் தொட்டு அறிந்த வேறோர் ஆய்வாளர் அன்று ஐரோப்பாவில் இருந்ததாகத் தெரியவில்லை.

1829-இல் சங்கத்தின் கூட்டம் பெரிய சேன் பெர்னார் கணவாயில் உள்ள மடத்தில் நடந்தது. அங்கே வெனெட்ஸ் தம் முழுமையான முடிவை அறிவித்தார்: வலேயின் பனியாறுகள் ஒரு காலத்தில் ஒன்றுசேர்ந்து தாழ்நிலத்தைக் கடந்து ஜூரா வரைக்கும் பரவியிருந்தன, தாழ்நிலத்துப் பாறைகளைச் சுமந்து வந்தவை அவையே. கேட்டவர்களில் ஏறத்தாழ எவரும் ஏற்கவில்லை. ஷார்பாந்தியேயும் ஏற்கவில்லை. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு குடிலில் கேட்ட அதே விபரீதத்தை இப்போது தம் நண்பரான பொறியாளரின் வாயிலிருந்து கேட்ட அவர், அதை மறுத்து எழுதுவதற்காகவே களத்தில் இறங்கினார்.

மறுக்கப் போனவர்

ஷார்பாந்தியேக்கு ஒரு வசதி இருந்தது. அவர் வாழ்ந்த பெக்ஸ் ரோன் பள்ளத்தாக்கிலேயே அமைந்திருந்தது. எதிரே மொந்தே ஊருக்கு மேலே சரிவு முழுவதும் மோன் பிளான் கருங்கற்கள் பட்டையாகக் கிடந்தன. மறுப்பதற்குச் சான்று தேடியவர், பார்த்த ஒவ்வொன்றும் வெனெட்ஸின் பக்கமே சாய்வதைக் கண்டார்.

அந்தச் சான்றுகளை 1818-ஆம் ஆண்டின் தடத்தோடு ஒப்பிட்டால், பெருநீர்க் கொள்கை எங்கே முறிகிறது என்பது விளங்கும். வெள்ளம் தரம் பிரித்து இறக்கியது. மொந்தேயின் மேடுகளிலோ வீட்டளவு பாறையும் மாவு போன்ற பொடியும் கலந்தே கிடக்கின்றன. வெள்ளம் கற்களை உருட்டிக் கூர் மழுக்கியது. மேட்டில் உள்ள பெரும் பாறைகள் பலவற்றின் விளிம்புகள் நேற்று உடைந்தவைபோல் கூராக உள்ளன, ஏனெனில் பனியாற்றின் முதுகில் வந்தவை எதனோடும் உராய்வதில்லை. வெள்ளம் அடித்தரையில் இறக்கியது. இவை சரிவில், தரைக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் மேலே, பட்டையாக நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, கால் மைல் என்ற அந்த அளவு இருக்கிறது. ஜெனீவா ஏரியின் பள்ளத்தைத் தூர்க்காமல், அதைத் தாண்டி, நூறு கிலோமீட்டருக்கு அப்பால் மலைச்சரிவில் பாறைகளை ஏற்றிவைக்கும் நீரைக் கற்பனை செய்யலாம். அதன் வேகத்தைக் கணக்கிட முயன்றால் கற்பனை நின்றுவிடும். பனிக்கட்டிக்கு வேகமே தேவையில்லை. சுமையின் அளவும் அதற்கு ஒரு பொருட்டன்று. பள்ளத்தை நிரப்பி அதன் மேலேயே நகர்வதால் ஏரியும் அதற்குத் தடையன்று. ஃபொன் புக் கண்ட உயர வேறுபாடும் பொருந்திவிடுகிறது: பள்ளத்தாக்கிலிருந்து வெளிவந்து விசிறியாகப் பரவும் பனி, நேர் எதிரே உயரமாகவும் ஓரங்களில் தாழ்வாகவும் முடியும்.

1834-இல் லூசெர்ன் நகரில் நடந்த கூட்டத்தில் தம் முடிவை வெளியிட ஷார்பாந்தியே புறப்பட்டார். வழியில் புரூனிக் கணவாய்ச் சாலையில், மைரிங்கென் ஊரைச் சேர்ந்த ஒரு மரவெட்டி அவரோடு சேர்ந்து நடந்தார். சாலையோரத்தில் கிடந்த ஒரு கருங்கல்லை ஷார்பாந்தியே உற்றுப் பார்ப்பதைக் கண்டு, இத்தகைய கற்கள் இங்கே நிறைய உண்டு என்றும், அவை கிரிம்சல் மலையிலிருந்து வந்தவை என்றும் மரவெட்டி கூறினார். எப்படி வந்தன என்று கேட்டதற்குத் தயக்கமே இல்லாமல் விடை வந்தது: கிரிம்சல் பனியாறு சுமந்து வந்து பள்ளத்தாக்கின் இரு பக்கமும் போட்டது, அந்தப் பனியாறு அன்று பெர்ன் நகர் வரை நீண்டிருந்தது, நீர் கொண்டுவந்திருந்தால் ஏரிகளைத் தூர்க்காமல் இவ்வளவு உயரத்தில் போட்டிருக்க முடியாது. கையெழுத்துப் பிரதியாகத் தம் பையில் இருந்த கட்டுரையின் சாரத்தை, மரவெட்டியின் வாயால் சாலையில் கேட்ட ஷார்பாந்தியே மகிழ்ந்துபோய், கிரிம்சலின் பழைய பனியாற்றின் நினைவாகக் குடிக்கச் சொல்லிக் காசு கொடுத்தார். அறிஞர்களின் கூட்டமோ அந்த அளவுக்கு மகிழவில்லை.

அகாசியின் வருகை

இதன்பின் நடந்தது பலரும் அறிந்த பகுதியாதலால் விரைந்து கடக்கலாம். புதைபடிவ மீன்களின் ஆய்வால் இளவயதிலேயே புகழ்பெற்றிருந்த நூஷாத்தெல் பேராசிரியர் லூயி அகாசி, 1836 கோடையில் பெக்ஸில் தங்கினார். அவரும் மறுக்கும் எண்ணத்தோடு வந்து மனம் மாறியவர்தாம். 1837 ஜூலை 24 அன்று, நூஷாத்தெல் கூட்டத்தின் தலைமையுரையில் மீன்களைப் பற்றிக் கேட்க வந்தவர்களிடம் பனிக்கட்டியைப் பற்றிப் பேசினார். ஃபொன் புக் வெகுண்டார். மீன்களுக்கே திரும்பும்படி ஜெர்மன் இயற்கை அறிஞர் ஹம்போல்ட் அறிவுரை எழுதினார். அகாசி இரண்டையும் பொருட்படுத்தாமல், 1840 முதல் உன்டெரார் பனியாற்றின் மேல் ஒரு பெரும் பாறையின் நிழலில் முகாம் அமைத்து அளவுகளை எடுத்தார். ஹூகி என்பவர் 1827-இல் அதே பனியாற்றின் மேல் கட்டிய குடிசை, பனியின் நகர்வால் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமாகக் கீழே வந்திருந்தது அவருக்குக் கிடைத்த ஆயத்த அளவுகோல்.

ஆயினும் கொள்கையளவில் அகாசி பின்னோக்கியே சென்றார் என்பதை மறைக்கக் கூடாது. ஆல்ப்ஸ் மலை எழுவதற்கு முன்பே வட துருவத்திலிருந்து ஒரே பனிப்போர்வை ஐரோப்பாவை மூடியிருந்தது என்றும், மலை எழுந்தபோது பாறைகள் அந்தப் பனியின் மேல் வழுக்கி ஜூராவை அடைந்தன என்றும் அவர் எழுதினார். பனியாறுகள் ஆல்ப்ஸிலிருந்தே வளர்ந்து இறங்கின என்ற வெனெட்ஸ்–ஷார்பாந்தியே கருத்துதான் நிலைத்தது. 1840-களில் அர்னோல்ட் கியோ ஆயிரக்கணக்கான பாறைகளின் மூலத்தைக் கண்டறிந்து வரைபடமாக்கியபோது, இடப்பக்கப் பள்ளத்தாக்குகளின் கற்கள் இடப்பக்கமும், வலப்பக்கத்தவை வலப்பக்கமுமாகக் கடைசி வரை கலவாமல் வந்திருப்பது தெரிந்தது. வெள்ளத்தில் கலவாமல் வர இயலாது. வழுக்கி வந்தாலும் இந்த ஒழுங்கு நேராது.

அகாசியின் நூல் 1840-இல் வெளிவந்து, ஷார்பாந்தியே பல்லாண்டு உழைத்து எழுதிய நூலை ஒரு சில மாதங்களால் முந்திக்கொண்டது. ஷார்பாந்தியே இதனால் புண்பட்டார். அதே 1840-இல் அகாசி பிரிட்டனுக்குச் சென்று, பிரிட்டிஷ் மண்ணியலாளர் பக்லண்டோடு ஸ்காட்லாந்தில் பனியாற்றுத் தடங்களைக் காட்டினார். லயல் தம் தந்தையின் வீட்டுக்கு அருகிலேயே மொரேன் மேடு இருப்பதை ஒப்புக்கொண்டு, சில காலத்துக்குள் மிதக்கும் பனிப்பாறைகளே கற்களைச் சுமந்தன என்ற தம் பழைய விளக்கத்துக்குத் திரும்பினார். பொது ஏற்பு கிடைக்க இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கடன் யாருக்கு

பனியூழிக் கொள்கை என்றதும் அகாசியின் பெயரே முன்வருகிறது. பரப்பியவர் என்ற அளவில் அது தகும். தம் நூலை அவர் வெனெட்ஸுக்கும் ஷார்பாந்தியேக்கும் உரித்தாக்கினார் என்பதையும் கூற வேண்டும்; பெரோதேனின் பெயர் நமக்குத் தெரிவதும், தாம் ஒருகாலத்தில் அவரை மதிக்கவில்லை என்பதை மறைக்காமல் எழுதிய ஷார்பாந்தியேயின் நேர்மையால்தான். மலைவாசிகள் அறிந்திருந்ததை அறிஞர்கள் திருடினர் என்று ஒரு வரியில் முடிப்பதும் சரியாகாது. பெரோதேன் கண்டது ஒரு பள்ளத்தாக்கை. மரவெட்டி கண்டது மற்றொன்றை. அவ்விரண்டும் ஒரே காரணத்தின் இரு கிளைகள் என்பதற்கு, வலே முழுவதும் நடந்து மொரேன்களைக் குறித்து, ஊர் ஆவணங்களைப் புரட்டி, எதிர்ச்சான்றுகளையும் சேர்த்து எழுதிய ஒருவர் தேவைப்பட்டார். அவர் வெனெட்ஸ். தம் சுரங்கத்தையும் மீறி அணை உடைந்து ஒரு பள்ளத்தாக்கே அழிந்ததைக் கண்ட மனிதர், அதே ஆற்றின் கற்களிடம் மீண்டும் சென்று, இந்த நீரால் இவ்வளவுதான் இயலும் என்று எடைபோட்டது எளிய செயலன்று.

மொவுவாசேனில் இப்போது 250 மீட்டர் உயரக் காங்கிரீட் அணை நிற்கிறது. 1950-களில் கட்டப்பட்டுப் பின்னர் உயர்த்தப்பட்டது. பனியாற்றிலிருந்து பெருங்கட்டிகள் நீர்த்தேக்கத்தில் விழக்கூடும் என்பதால் 1960-களிலிருந்து ஜியெத்ரோவின் முனை தொடர்ந்து அளக்கப்பட்டு வந்தது; முனை பின்வாங்கியதால் அந்த ஆபத்து இன்று பெரிதும் குறைந்துவிட்டது. வெனெட்ஸ் 1859-இல் காலமானார். அவருடைய கடைசி ஆய்வு 1861-இல் அச்சானது. பனியாறுகள் தாழ்நிலத்துக்கு ஒரு முறை மட்டும் இறங்கி வரவில்லை, இடையிடையே பின்வாங்கிப் பல முறை வந்தன என்று அதில் அவர் எழுதியிருந்தார். ஆல்பிரெக்ட் பெங்கும் எட்வர்ட் புரூக்னரும் ஆற்றுப்படிவு மேடைகளை அளந்து, ஆல்ப்ஸில் நான்கு பனியூழிகளை அடையாளம் கண்டு 1909-இல் தம் நூலை நிறைவு செய்தபோது, அந்தக் கருத்து மண்ணியலின் பொதுப்பாடமாயிற்று.